அடையாற்றில் ஒரு ஸ்பானியச் சொல்லைத் தேடிய கதை

ஊருக்குப் போவதென்றால் எனக்குத் தூத்துக்குடிதான். சென்னை என்பது விமானத்தை விட்டிறங்கி எழும்பூருக்கு ஓடும் வழியில் காரின் கண்ணாடிக்கு வெளியே தெரியும் நெரிசல், அவ்வளவே. இந்த முறை அந்த நெரிசலுக்குள்ளேயே ஒரு வாரம் குடியிருந்தேன். காரணம் பிலார்.

பிலார் யாரென்று சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினின் வடகோடியில், வருஷத்தில் பாதிக்கு மேல் தூறிக்கொண்டே இருக்கும் பில்பாவோ நகரத்தில், கப்பல் வேலைக்காரரான என் கணவரோடு போய்க் குடியேறி எனக்குத் தலை நரைத்துவிட்டது. மாடியில் நாங்கள், கீழே பிலாரின் ரொட்டிக்கடை. அவளுக்குக் கணவர் இல்லை, ஒரே மகன் இக்கெர். காற்றாலை வேலையாகச் சென்னைக்கு வந்தவன், இரு சக்கர வண்டியிலிருந்து விழுந்து தலையில் பலத்த அடி. அறுவை சிகிச்சை செய்து உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். கண்ணைத் திறக்கிறான், தானாக மூச்சு விடுகிறான், ஆனால் யார் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. பட்ட காலிலே படும் என்பார்களே, அதே சமயத்தில் பிலாருக்கு இடுப்பெலும்பில் அறுவை சிகிச்சை நடந்து, அவள் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. இரண்டு மாதம் போல அவள் கைபேசித் திரையிலேயே மகனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனிப் பயணம் செய்யலாம் என்று டாக்டர் சொன்ன அன்றே என் கதவைத் தட்டினாள். "நீ ஆஸ்பத்திரிகளில் மொழிபெயர்க்கிறவள். அது உன் நாடு. என்கூட வா," என்றாள். அங்கே வந்து சேரும் நம் நாட்டுக்காரர்களுக்காக டாக்டர் பேச்சைப் பெயர்த்துச் சொல்வது என் தொழில்தான். பித்தப்பைக் கல், பிரசவம், சர்க்கரை எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துப் பெட்டியைக் கட்டினேன்.

திங்கட்கிழமை காலையில் மந்தைவெளியில் ஒரு வீட்டு மாடியில் இறங்கினோம். தெருமுனை மெஸ்ஸில் பிலாருக்குப் பொங்கல் வாங்கிக் கொடுத்தேன். மிளகைத் தனியாக எடுத்து இலையோரத்தில் வரிசையாக வைத்துவிட்டு, மிச்சத்தைக் குழந்தை மாதிரி வழித்துச் சாப்பிட்டாள். நெய்யை முகர்ந்து பார்த்து, "இதை ரொட்டிக்குள் வைத்தால் ஊரே என் கடைக்கு வரும்," என்றாள். மகனைப் பார்க்கப் போகும் பயத்தை அவள் சாப்பாட்டுப் பேச்சில் ஒளித்துக்கொண்டிருந்தாள். நானும் கண்டுகொள்ளாத மாதிரி இரண்டாவது காபி சொன்னேன்.

மெஸ் வாசலிலேயே ஆட்டோக்காரர் சேகர் கிடைத்தார். அந்த வாரம் முழுக்க அவர்தான் எங்கள் சாரதி.

"ஃபாரின் அம்மாவா? ஆஸ்பத்திரிக்கா? இன்னாமா ஆச்சு?" என்றார். சொன்னேன். வண்டியை ஓரங்கட்டிவிட்டு முழுக்கத் திரும்பிப் பிலாரைப் பார்த்தார். "புள்ள இப்ப எப்டி கீறாரு?"

"அப்படியேதான் இருக்காரு."

என்ன கேட்கிறார் என்றாள் பிலார். சொன்னதும், அதில் எது 'இருக்கிறார்' என்பதற்கான சொல் என்றாள். மகன் இருந்த ஊரின் பேச்சு என்பதால் அவளுக்கு எல்லாமே தெரிய வேண்டும். தூத்துக்குடிக்காரியான எனக்கே அந்தக் 'கீறாரு' காதில் உட்காரச் சற்று நேரம் பிடிக்கும். சொல்லிக் கொடுத்தேன். அவள் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்டிருந்த மயிலாப்பூர்த் தெருக்களைச் சுற்றிச் சுற்றி, சேகர் எங்களை அடையாற்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பாலத்தின் மேல் கடல் காற்று அடித்தது. பில்பாவோவில் இந்த அளவு ஹாரன் சத்தத்தை ஒரு வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் கேட்க முடியாது.

இக்கெரைப் பார்த்தது பற்றி அதிகம் எழுத எனக்குத் தெம்பில்லை. நெடுநெடுவென்ற பையன், பாதியாக இளைத்துக் கிடந்தான். கண் திறந்திருந்தது. பிலார் அவன் முகத்துக்கு நேரே குனிந்தாள். அந்தக் கண்கள் அவளைத் தாண்டி எங்கோ பார்த்தன. அவள் நகர்ந்து நகர்ந்து அந்தப் பார்வைக்குள் போய் நிற்கப் பார்த்தாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டாக்டர் வைதேகி வந்தார். மயிலாப்பூர்க்காரர், மெல்லிய குரல், அவசரமே தெரியாத நடை. ஆங்கிலத்தில் சொன்னார்: "ஹி இஸ் அவேக். வெதர் ஹி இஸ் அவேர், வி டோன்ட் நோ."

அவேக் சுலபம். விழித்திருக்கிறான், 'தெஸ்பியெர்தோ'. அவேர், அதாவது தன்னையும் சுற்றி நடப்பதையும் உணர்கிறானா என்பது, வந்ததும் என் நாக்கு நின்றுவிட்டது. ஸ்பானிய ஆஸ்பத்திரிகளில் 'கொன்ஸ்தியென்தே' என்று ஒரு சொல் உண்டு. மயக்கம் தெளிந்தவனும் கொன்ஸ்தியென்தே, தன்னைச் சுற்றி நடப்பதை அறிந்தவனும் கொன்ஸ்தியென்தே. டாக்டரோ அடுத்து, "குறிப்பில் கான்ஷியஸ் என்று போட்டிருப்பார்கள். அதை அவேர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்," என்கிறார். அப்படியே பெயர்த்தால், உன் மகன் கொன்ஸ்தியென்தே, ஆனால் கொன்ஸ்தியென்தே இல்லை என்று வரும். எந்தத் தாய் இதைக் கேட்டுக்கொண்டு நிற்பாள்?

பெயர்ச்சொல்லுக்கு மாறினேன். 'கொன்தியென்தியா' இருக்கிறதா என்று தெரியவில்லை என்றேன். அதுதான் ஸ்பானியத்தில் மனசாட்சிக்கும் பெயர், பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியார் துருவிக் கேட்கிற சங்கதி. பிலார் நிமிர்ந்து என்னை முறைத்தாள். "யாருக்கு இல்லை? சின்ன வயதில் பூனை மேல் சைக்கிளை ஏற்றிவிட்டு ரெண்டு நாள் சோறு தின்னாத பிள்ளை இவன்."

கடைசியில் 'தார்ஸெ குவென்தா' என்ற தொடரைப் பிடித்தேன். தனக்குத்தானே கணக்குச் சொல்லிக்கொள்வது என்று அதன் நேர்ப்பொருள். விழித்திருக்கிறான், ஆனால் விழித்திருப்பதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறானா என்று தெரியவில்லை என்றேன்.

"கதவு திறந்திருக்கிறது. உள்ளே ஆள் இருக்கிறதா என்று தெரியவில்லை. அப்படித்தானே?"

இதை ஆங்கிலத்தில் சொன்னதும் டாக்டர் தலையசைத்தார். பிறகு முக்கியமானதைச் சொன்னார். வெள்ளிக்கிழமை மூன்று டாக்டர்கள் சேர்ந்து பார்ப்பார்கள். உள்ளே ஆள் இருப்பதற்கு ஓர் அடையாளம், ஒன்றே ஒன்று, தெளிவாகத் திரும்பத் திரும்பக் கிடைத்தாலும் போதும், பயிற்சி கொடுத்து மீட்க வழியிருக்கிறது, இங்கேயே தொடங்கிவிடுவார்கள். கிடைக்காவிட்டால் இப்படியே படுத்தவாக்கில் ஊருக்குக் கூட்டிப்போவது நல்லது. பில்பாவோவுக்கு வெளியே கடலோரமாக அப்படிப்பட்டவர்களைப் படுக்க வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருப்பது எனக்கும் பிலாருக்கும் தெரியும். வாசலில் ரோஜாச் செடிகள் வைத்திருப்பார்கள். உள்ளே போனவர்கள் யாரும் நடந்து வெளியே வந்து நான் பார்த்ததில்லை.

அந்த வார்டில் ஒரு வழக்கம் இருந்தது. நினைவில்லாமல் கிடப்பவரானாலும் சொல்லாமல் தொடக்கூடாது என்பது டாக்டர் வைதேகி போட்ட விதி. அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தவர் சிஸ்டர் ஆரோக்கியமேரி. மயிலாப்பூரில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் கத்தோலிக்கக் குடும்பம். வாட்டசாட்டமான பெண், வாய் ஓயாது. "கண்ணா, மொகம் தொடைக்கறேன். தண்ணி சில்லுனு இருக்கும், கோச்சிக்காத. இன்னா தாடி இது, சாமியாராட்டம்? கைய குடு கண்ணா. ஆங், சமத்து." சொல்லிக்கொண்டே அவன் வலக்கையைத் தூக்கித் துடைத்து, விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கிவிட்டு வைப்பார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இந்தக் 'கைய குடு கண்ணா' நடக்கும். இக்கெர் என்பது அவர் வாயில் இக்கரை ஆகிவிட்டது. "இக்கரைத் தம்பி அக்கரைல நின்னுகினு வேடிக்கை பாக்குது மேடம், வந்துரும்," என்றார் என்னிடம்.

அவர் பேச்சில் எதையும் நான் பிலாருக்குப் பெயர்த்துச் சொல்லவில்லை. யாரைப் பார்த்துச் சொல்கிறார்களோ அவருக்கு மட்டும்தான் மொழிபெயர்க்க வேண்டும், மற்றவர் பேச்சில் மூக்கை நுழைக்கக்கூடாது என்பது எங்கள் தொழிலின் பால பாடம்.

செவ்வாய்க்கிழமை சோதனை வைத்தார்கள். ஐரோப்பாக்காரனிடம் அவன் தாய்மொழியில்தான் பேச வேண்டும் என்பதில் டாக்டர் கண்டிப்பாக இருந்தார். சிஸ்டர் உட்பட எல்லோரையும் வாய் திறக்காமல் தள்ளி நிற்கச் சொன்னார். அவர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் இக்கெரின் காதருகே ஸ்பானியத்தில் சொன்னேன். கையைத் தூக்கு, 'லெவாந்தா லா மானோ'. கண்ணை மூடு. அம்மாவைப் பார். பிறகு பிலாரே சொன்னாள், கெஞ்சினாள், சின்ன வயதுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கண்ணிமை தன்பாட்டுக்கு மூடித் திறந்தது. கை போர்வை மேல் கிடந்தது. டாக்டர் பொறுமையாகத் திரும்பவும் திரும்பவும் செய்து பார்த்துவிட்டு, நாளை மறுநாளும் பார்ப்போம் என்றார்.

கேன்டீனில் காபி ஆறிப்போனது. டாக்டர் சொன்ன அவேரைத் தமிழில் எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டாள் பிலார். "நினைவு. நினைவு திரும்பிவிட்டதா என்று கேட்போம். ஞாபகத்துக்கும் அதே சொல்தான்," என்றேன்.

"அப்படியென்றால் என்னை ஞாபகம் வந்தால் அவன் திரும்பி வந்துவிட்டான் என்று அர்த்தமா?"

மூன்று மொழி தெரிந்தும், ஒரு மனிதன் தனக்குள் இருக்கிறான் என்பதைச் சொல்ல ஒன்றிலும் நேரான சொல் இல்லையே என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இத்தனை காலமாக இந்தச் சொற்களைக் காய்கறி மாதிரி எடை போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவை எதைக் குறிக்கின்றன என்று அந்தக் கட்டிலருகே நின்றபோதுதான் முதல்முறையாக யோசித்தேன்.

புதன்கிழமை காலையில் சிகிச்சை நேரம், பார்வையாளர்களை விடமாட்டார்கள். வெயில் தாங்காமல் பிலாருக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. பருத்தித் துணி வாங்க தி.நகர் கூட்டிப்போனேன். அந்தக் கூட்டத்தில் அவளை இழுத்துக்கொண்டு போவதே ஒரு தேர் இழுப்பு. ஐந்து மாடிக் கடையில் கல்லாவில் இருந்தவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "அக்காவுக்குத் தூத்துக்குடிப் பக்கமோ? நமக்கு நாசரேத்து," என்று நாற்காலி போட்டு, மோர் வரவழைத்து, பிலாருக்குத் தன் கையாலேயே சுடிதார் எடுத்துக் கொடுத்தார். "அம்மாவுக்கு வெளிர் நீலம் எடுப்பா இருக்கும், சொல்லுங்க." பிலார் அங்கேயே உடை மாற்றிக்கொண்டு வந்தாள். எங்கள் ரொட்டிக்கடைக்காரி திடீரென்று பள்ளிக்கூட டீச்சர் போலத் தெரிந்தாள்.

திரும்பும்போது சேகரைக் கூப்பிடாமல் பஸ்ஸில் போகலாம் என்று எனக்கு ஒரு வீம்பு. ஏறி உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டே வந்தால், பஸ் கே.கே. நகரில் போய் நின்றது. நேர் எதிர்த் திசை. கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "போர்டு பாத்து ஏறமாட்டியாமா? படிச்சவங்களாட்டம் கீறீங்க." மத்தியானப் பார்வை நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர, எதிர்ப்பக்கம் போய் வேறு பஸ் பிடித்தோம்.

அந்த பஸ்ஸில் ஒருவர் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார். தலை தோளில் சரிந்து, வாய் பிளந்து, நல்ல ஆழ்ந்த தூக்கம். வண்டி குலுங்கினாலும் விழவில்லை. பிலார் அவரையே பார்த்துக்கொண்டு வந்தாள். நந்தனத்தில் பஸ் நிற்பதற்குச் சற்று முன்னால் அவர் கண்ணைத் திறந்து, சட்டையைச் சரி செய்து, தடுமாறாமல் இறங்கிப் போனார். "தூங்கும்போது அவருக்குள் யார் தெருக்களை எண்ணிக்கொண்டிருந்தது?" என்றாள் பிலார். அடையாற்றிலிருந்து கே.கே. நகர் வரை டாக்டரின் சொல்தான் அவளைத் துரத்திக்கொண்டிருந்தது.

சாயங்காலம் மந்தைவெளித் தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் திரை போட்டிருந்தார்கள். உள்ளே அலங்காரம் நடக்கிறது. வேலை முடிந்து வந்தவர்கள் திரைக்கு முன்னால் கைகூப்பி நின்றிருந்தார்கள். ஒருவர் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டார். துணியைப் பார்த்து ஏன் கும்பிடுகிறார்கள் என்றாள் பிலார். பின்னால் சாமி இருக்கிறது என்றேன். "பார்க்காமலே தெரியுமா?" என்றவள், தன் புதுச் சுடிதாரின் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, அவர்களோடு அவளும் திரையைப் பார்த்து நின்றாள். மணி அடித்துத் திரை விலகும்வரை நகரவில்லை.

வியாழக்கிழமை மறுபடியும் சோதனை. அதே ஸ்பானியம், அதே ஒன்றுமில்லை. டாக்டர் போன பிறகு பிலார் அழவில்லை. கட்டிலுக்கு இடப்பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சிஸ்டர் வலப்பக்கம் வந்து தன் வேலையையும் பேச்சையும் தொடங்கினார். நான் ஊருக்குப் போகும் ஏற்பாடுகளை மனதில் அடுக்கத் தொடங்கியிருந்தேன்.

"மீனா," என்றாள் பிலார். குரல் வேறு மாதிரி இருந்தது. "அந்தப் பெண் இவனிடம் என்ன சொல்கிறாள்?"

"சும்மா பேச்சு. முகம் துடைக்கிறேன், கையைக் கொடு, அப்படி ஏதாவது."

"அந்தக் கையைக் கொடு சொல்லும்போது, அவள் கை போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே இவன் விரல் போர்வையை விட்டு மேலே வருகிறது. நேற்றும் பார்த்தேன். முந்தாநாளும் பார்த்த மாதிரி இருந்தது."

அடிபட்ட மனசு எதைத்தான் பார்க்காது என்று நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவும் செய்தேன், கொஞ்சம் இதமாக. பிலார் கோபப்படவில்லை. "நான் பிறந்ததிலிருந்து மாவு பொங்குவதைப் பார்க்கிறவள். மெதுவாக எழும்புவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்," என்றாள்.

சிஸ்டரிடம் சொன்னேன். அவர் திகைத்துப்போனார். "அப்டியா மேடம்? நான் சொல்லும்போதே கை போட்டுருவேன். தூக்கறது நான்தான்னு நெனச்சினு இருந்தேன்." இரண்டு மாதமாகச் சொல்லும் தூக்குவதும் ஒன்றாகவே நடந்ததால், நடுவில் அந்த இத்தனூண்டு இடைவெளியை அவர் பார்க்க வாய்ப்பே இல்லை. எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவளுக்குத்தான் தெரிந்தது.

"இப்போ தொடாம சொல்லுங்க," என்றேன். பிலார் கையை உயர்த்தித் தடுத்தாள்.

"நான் சொல்கிறேன். எனக்குச் சொல்லிக் கொடு."

முதலில் தன் மொழியில் சொன்னாள். 'தாமெ லா மானோ'. ஒன்றுமில்லை. பிறகு நான் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னாள். "கையா… குதூ… கண்ணா." ஒன்றுமில்லை. அவள் முகம் சுண்டிப்போயிற்று. நான் அவளைத் தோளோடு அணைக்கப் போனேன். சிஸ்டர் விடவில்லை. "அப்டி நிறுத்தி நிறுத்திச் சொன்னா அதுக்கு இன்னா புரியும்? தாலாட்டு மாதிரி ஒரே இழுவையா சொல்லணும். எங்கூட சொல்லச் சொல்லுங்க மேடம்." இரண்டு பெண்களும் கட்டிலின் இரு பக்கமும் நின்று, ஒருத்தி சொல்ல ஒருத்தி திருப்பிச் சொல்ல, அந்த ராகத்தைப் பிடித்தார்கள். பிறகு சிஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார்.

பிலார் தனியாகச் சொன்னாள். "கைய குடு கண்ணா."

முதலில் ஆள்காட்டி விரல். பிறகு மணிக்கட்டு. பிறகு அந்தக் கை, யாரும் தொடாமல், நடுங்கிக்கொண்டே போர்வையை விட்டு எழும்பி, காற்றில் ஒரு பிடி உயரத்தில் நின்றது. எதையோ எதிர்பார்த்து நின்றது. பிலார் பாய்ந்து அதைப் பிடித்தாள். நான் இதற்கு முன்பு ஆஸ்பத்திரிகளில் பிறப்பைப் பார்த்திருக்கிறேன், இறப்பையும் பார்த்திருக்கிறேன். இதை எதோடு சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டு டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

வெள்ளிக்கிழமை காலையில் மூன்று டாக்டர்களும் வந்தார்கள். டாக்டர் வைதேகி எங்கள் சந்தோஷத்தில் உடனே வந்து கலந்துகொள்ளவில்லை. முறையாகச் செய்தார். சிஸ்டரை அதே ராகத்தில், "கதவச் சாத்து கண்ணா," என்று சொல்ல வைத்தார். கை அசையவில்லை. "ஜன்னலத் தொற கண்ணா." அசையவில்லை. "கைய குடு கண்ணா." எழும்பியது. வரிசையை மாற்றி மாற்றிச் செய்தார்கள். பிலாரை, பிறகு என்னை, பிறகு முன்பின் தெரியாத ஒரு டாக்டரைச் சொல்ல வைத்தார்கள். சில தடவை களைப்பில் வரவில்லை. கொஞ்சம் ஓய்வு கொடுத்துக் கேட்டால் வந்தது. இடையில் மேலும் ஒன்று நடந்தது. பிலார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்பானியத்தில் தணிந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். அவன் கண் மெதுவாகச் சுற்றி வந்து அவள் முகத்தில் நின்றது. நீல உடையில் இருக்கும் இந்தப் பெண் யார் என்று பார்ப்பது போல நெடுநேரம் நின்றது.

தாய்மொழி திறக்காத கதவை ஒரு வார்டு சிஸ்டரின் தமிழ் எப்படித் திறந்தது என்று டாக்டரைக் கேட்டேன். அவர் அதுவரை என்னிடம் ஆங்கிலத்தில்தான் பேசியிருந்தார். அப்போது தமிழுக்கு வந்துவிட்டார்.

"நிச்சயமா எனக்குத் தெரியலை. அடிபட்டதுல பழைய வழியெல்லாம் மூடிண்டிருக்கலாம். தெனமும் அதே வார்த்தை, அதே தொடுகை, அதுவே புதுசா ஒரு வழி போட்டிருக்கலாம். ஆனா கத்துண்டிருக்கான் பாருங்கோ, உள்ள இருந்துண்டு கத்துண்டிருக்கான். நானும் பாத்துண்டேதான் இருந்தேன், தெரியலையே." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு டாக்டராகி, பிலாரைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார். அவன் அவேர். முழுதாக மீண்டுவிடுவான் என்று வாக்குக் கொடுக்க முடியாது, மாதக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கும், ஆனால் அவன் அவேர். திங்கட்கிழமை பயிற்சியைத் தொடங்கலாம்.

நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். வாரம் முழுக்கத் தேடிய அத்தனை சொற்களும் வரிசை கட்டி வந்தன, எதை எடுப்பது என்று தடுமாறினேன். பிலார் என் கையைத் தட்டிக் கொடுத்தாள். "விடு, மீனா. அதை நான் கையில் பிடித்துப் பார்த்துவிட்டேன்," என்றாள்.

வெளியே வந்தபோது உச்சி வெயில். சேகர் வேப்பமர நிழலில் வண்டியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். எங்கள் இருவர் முகமும் அழுது வீங்கியிருந்ததைப் பார்த்துவிட்டு, பாவம், பீடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார். தினமும் காலையில் கேட்டதை இப்போது கேட்கலாமா கூடாதா என்று அவருக்குத் தயக்கம். தாழ்ந்த குரலில்தான் கேட்டார்.

"புள்ள எப்டிமா கீறாரு?"

கேள்வி என்னைப் பார்த்துத்தான் வந்தது. நான் பதில் சொல்வதற்குள் பிலார் முன்னால் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கீறாரு," என்றாள்.